பனி அறையில் அறுபத்து நான்கு பேர்

ஊரே வெயிலில் வெந்துகொண்டிருக்கும்போது கம்பளிச் சட்டையைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற ஒரே ஆள் அவள்தான். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். "என்னம்மா, காய்ச்சலா?" என்று கேட்டவர்களும் உண்டு. "காய்ச்சல் எல்லாம் இல்லீங்க. நான் வேலை பாக்குற இடத்துல குளிர் ஆளைத் தூக்கிடும்" என்பாள். கேட்டவர் அடுத்த நிறுத்தத்தில் இடம் மாறி உட்கார்ந்துவிடுவார்.

அவள் சொன்னது உண்மைதான். ஊர் நடுவில், பெரிய சாலையை ஒட்டி, கண்ணாடிக் கூரை போட்ட தாவரக் கூடம் ஒன்று இருந்தது. உலகத்தின் நிலத்தையும் நீரையும் ஐந்து அறைகளுக்குள் காட்டிவிட வேண்டும் என்று கட்டியது. மழைக்காட்டு அறையில் கூரைக் குழாயிலிருந்து மணிக்கொரு தரம் மழை கொட்டும். புல்வெளி அறையில் இடுப்பளவு புல். பாலை அறையில் மணலும் கள்ளியும். நீர் அறையில் ஒரு பக்கம் அலையாத்தி மரங்கள் கால் பரப்பி நிற்கும் சேற்றுக்குளம், மறுபக்கம் ஆளுயரக் கண்ணாடித் தொட்டியில் பவளப்பாறைகள். கடைசியாக, கட்டடத்தின் வயிற்றுக்குள், ஜன்னலே இல்லாத பனி அறை. துருவத்துப் பக்கத்துச் செடிகளுக்கானது. வருஷம் முழுக்க ஆறு டிகிரி. அதைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. ஊழியர்கள் எல்லாருக்கும் அவள் பனியக்கா.

இருபத்தொன்பது வயதில் தரை துடைக்கத்தான் வந்து சேர்ந்தாள். அப்போது பனி அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சுச்சளி தாங்காமல் வேலையை விட்டுவிட்டார். வேறு யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கத் தயாராக இல்லை. "நான் பாத்துக்கறேன். வீட்டு அடுப்படிச் சூட்டுக்கு இது எவ்வளவோ தேவலை" என்று இவள் முன்வந்தாள். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம். அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வறுபடுகிறவர். "நான் அடுப்பு, இவ ஃப்ரிட்ஜ். எங்க வீட்ல சாப்பாடு கெட்டே போகாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் செடிகளை முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். பாறைமேல் படிந்த சாம்பல் நிறப் படலம், காலடி உயரப் பஞ்சுப்புல், பாசி. "மரம்னு போர்டு வெச்சிருக்கீங்க, மரம் எங்கங்க?" என்று கேட்பார்கள். குனிந்து காட்டுவாள். சுண்டுவிரல் உயரத்தில் ஒரு வில்லோ மரம், தரையோடு தரையாகப் படுத்திருக்கும். அதற்கு வயது நாற்பது. அதன் பக்கத்தில் மெத்தைபோலப் பம்மென்று ஒரு செடி. அவள் வேலைக்குச் சேர்ந்தபோது அது ஒரு பித்தானளவு இருந்தது. இப்போது அவள் உள்ளங்கையளவு. "இருபத்திரண்டு வருஷத்துல என் இடுப்புதான் இதைவிட வேகமா வளர்ந்திருக்கு" என்பாள்.

படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோனாலும், காதைத் திறந்து வைத்திருந்ததால் அவளுக்கு நிறையத் தெரிந்திருந்தது. கூடத்தின் டைரக்டர் அம்மா அவளைவிடப் பத்து வயது இளையவர். பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் விளக்கம் சொல்லும்போதெல்லாம் இவள் வாளியோடு பின்னால் நிற்பாள். பூமியின் நடுப்பட்டையில் வெயில் நேராக அடிக்கிறது. காற்று சூடாகி ஈரத்தோடு மேலே ஏறுகிறது. அங்கேயே மழையைக் கொட்டிவிட்டுக் காய்ந்துபோய் வடக்கிலும் தெற்கிலும் தூரமாகப் போய் இறங்குகிறது. ஏறுகிற இடத்தில் மழைக்காடு, இறங்குகிற இடத்தில் பாலைவனம். இதைக் கேட்ட அன்றைக்கு அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"அம்மா, நம்ம மழை ரூமுக்கும் மணல் ரூமுக்கும் நடுவுல சுவர் இருக்கு. வெளிய அப்படி ஒண்ணும் இல்லையே?"

"இல்லக்கா."

"அப்ப அந்தக் காத்து இடம் மாறி இறங்கினா?"

டைரக்டர் அம்மா, "கொஞ்சம் கொஞ்சமா மாறிட்டுத்தான் இருக்கு" என்றார்.

அவளுக்கு அது தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுச் செய்திபோலத்தான் இருந்தது. கேட்டாள், உச்சுக்கொட்டினாள், வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அந்த வருஷம் கோடை சொல்லிக்கொள்ளாமல் வந்தது. எங்கோ ஒரு பெருங்கடலில் தண்ணீர் வழக்கத்தைவிடச் சூடாகி, காற்றின் போக்கே திசைமாறிவிட்டது என்று வானிலைக்காரர்கள் டிவியில் படம் போட்டுக் காட்டினார்கள். மேலிருந்து இறங்குகிற காய்ந்த காற்று ஊர்மேல் மூடிபோலக் கவிழ்ந்து, நகராமல் உட்கார்ந்துவிட்டது. முதல் நாள் நாற்பத்து மூன்று. இரண்டாம் நாள் நாற்பத்தைந்து. மூன்றாம் நாள் தார்ச்சாலையில் செருப்பு ஒட்டியது.

நான்காம் நாள் காலை பத்தரை மணிக்குப் பனியக்கா பாலை அறையைத் தாண்டி வாசலுக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள். பாலை அறைக் கதவில் வெப்பமானி நாற்பது காட்டியது. வாசலில் தொங்கியது நாற்பத்தேழு காட்டியது. அவள் நின்றுவிட்டாள். திரும்பிப் போய் மறுபடி பார்த்தாள். மணலும் கள்ளியும் இருந்த அந்த அறைக்குள் கால் வைத்ததும் உடம்பு குளிர்ந்ததுபோல இருந்தது.

"வெளிய விட பாலைவனம் ஜில்லுனு இருக்கு" என்று நீர் அறைக்காரரிடம் சொன்னாள். பவளத்தொட்டியைப் பதினாறு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவர் அவர். எல்லாரும் கடல் அண்ணன் என்பார்கள். அவர் சிரிக்கவில்லை. "என் தொட்டியை இருபத்தாறுல நிறுத்தி வைக்க மெஷின் முக்கிட்டு இருக்கு. உண்மையான கடலுக்கு மெஷின் ஏதும்மா?" என்றார்.

பதினொன்றேகாலுக்கு மின்சாரம் போனது. கூடத்தில் மட்டுமில்லை, ஊர் முழுக்க. ஏ.சி.களின் பாரம் தாங்காமல் பெரிய மின்நிலையமே படுத்துவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. கூடத்தின் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு எழுந்தது. அது இரண்டே இரண்டு இடத்துக்குத்தான் போதும்: பனி அறையின் ஒரு கம்ப்ரசர், பவளத்தொட்டியின் மோட்டாரும் குளிரூட்டியும். கண்ணாடிக் கூரை போட்ட மற்ற அறைகள் அரை மணி நேரத்தில் அடுப்பாகிவிட்டன. மழைக்காட்டு இலைகள் துவண்டு தொங்கின.

பார்வையாளர் யாரும் வரவில்லை. வாசல் டிக்கெட் கூண்டில் டிக்கெட்காரர் மட்டும் உட்கார்ந்திருந்தார். தகரக் கூண்டு. வழக்கமாக எல்லாரையும் வம்புக்கிழுக்கிற ஆள். காலையில்கூட, "பனியக்கா, உன் ரூம்ல எனக்கு ஒரு பாய் போட்டுத் தாயேன்" என்று கேட்டிருந்தார். பன்னிரண்டு மணிக்கு அவருக்கு மோர் கொண்டுபோனாள்.

அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. "டிக்கெட் தீந்துபோச்சு, அம்மா வீட்ல இல்ல, அப்புறம் வாங்க" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கையைத் தொட்டாள். சொட்டு வியர்வை இல்லை. தோல் காய்ந்து, அடுப்பிலிருந்து எடுத்த பாத்திரம்போலச் சுட்டது. மோர் டம்ளர் அவள் கையிலிருந்து விழுந்தது.

"அண்ணே! அண்ணே, என்னைப் பாருங்க!"

அவர் அவளைத் தெரியாதவர்போலப் பார்த்தார்.

ஆம்புலன்ஸுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. டைரக்டர் அம்மாவுக்கு அடித்தாள். அவர் ஊரின் மறுகோடியில், சிக்னல் செத்த நெரிசலில் மாட்டியிருந்தார். பனி அறைக்குள் டிக்கெட்காரரைக் கொண்டுபோகப் போவதாகச் சொன்னாள். "அவரைக் கொண்டு போங்க. ஆனா வேற யாரையும் உள்ள விடாதீங்கக்கா. அது எட்டுப் பேருக்கு மேல தாங்காது. நான் வந்து…" அத்தோடு தொடர்பு அறுந்தது.

கடல் அண்ணனும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து டிக்கெட்காரரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பனி அறையின் மரப்பலகை நடைபாதையில் கிடத்தி, சட்டையைக் கழற்றி, குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை உடம்பெல்லாம் போட்டாள். இருபது நிமிடம். உதடு அசைந்தது. "என்னடி, பாய் எங்க?" என்றார். அவள் அங்கேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பிறகு எழுந்து வாசலுக்குப் போனாள். எதற்குப் போனாள் என்று பின்னாளில் விசாரணையில் கேட்டபோது, "தெரியல. வேற யாராச்சும் இருப்பாங்களோன்னு ஒரு பதைப்பு" என்றுதான் சொல்ல முடிந்தது.

பஸ் நிறுத்தத்தில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். மின்சாரம் இல்லாததால் தையல் கம்பெனி ஒன்று பெண்களை வெளியே அனுப்பியிருந்தது, பஸ்களும் நின்றுவிட்டன. இரண்டு பேர் தரையில் படுத்திருந்தார்கள். ஒரு தாய் குழந்தையின் முகத்தில் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தாள். குழந்தை அழவில்லை. அதுதான் பனியக்காவைக் குலுக்கியது. அந்த வெயிலில் ஒரு கைக்குழந்தை அழாமல் கிடந்தது.

"எல்லாரும் உள்ள வாங்க!" என்று கத்தினாள். யாரும் அசையவில்லை. "ஐயோ, டிக்கெட் எல்லாம் வேணாம்மா, எந்திரிங்க! உள்ள குளிரா இருக்கு!"

கதவைத் திறந்தபோது அவர்கள் நம்பமாட்டாமல் வாசலிலேயே நின்றார்கள். வெண்புகையாகக் குளிர் அவர்கள் காலில் படர்ந்தது. முதலில் குழந்தை. தன் கம்பளிச் சட்டையை அந்தத் தாயிடம் நீட்டி, "முதல்ல சூடு இறங்கட்டும், உடம்பு ஜில்லிட்டுச்சுன்னா இதைச் சுத்துங்க" என்றாள். நடைபாதை நிரம்பியது. பின்னால் வந்தவர்கள் தயங்கினார்கள். இரண்டு பக்கமும் செடிப்பாத்திகள்.

"எங்கம்மா நிக்கறது?" என்று ஒரு பெண் கேட்டாள்.

பனியக்கா குனிந்து பார்த்தாள். அந்தப் பெண்ணின் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி அந்த விரலுயர மரம் இருந்தது.

"பரவால்ல. மிதிங்க" என்றாள்.

சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே திக்கென்றது. அவர்கள் மிதித்தார்கள். ஈரப்பாசி நசுங்குகிற சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது. செய்தி தெருவில் பரவி ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கட்டட வேலைக்காரர்கள், இரண்டு தபால்காரர்கள், ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர். ஒரு பெரியவரை மருமகன் முதுகில் தூக்கி வந்தார். ஒரு மணிக்கு அறுபத்து நான்கு பேர். வெப்பமானி ஆறிலிருந்து பதினைந்தாகி, இருபத்தொன்றாகி, இன்னும் ஏறியது.

கூடத்தின் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். "அக்கா, ஒவ்வொரு ஆளும் நூறு வாட் பல்பு மாதிரி. அறுபது பல்பை உள்ள எரியவிட்டிருக்க! ஒரு கம்ப்ரசர் தாங்காது. இன்னும் ஒரு மணி நேரத்துல இதுவும் வெளி மாதிரி ஆயிடும்."

"ரெண்டாவது கம்ப்ரசரைப் போடு."

"கரண்டு? ஜெனரேட்டர்ல மிச்சம் இருக்கறது பவளத்தொட்டிக்குப் போறது மட்டும்தான்."

பக்கத்தில் நின்ற கடல் அண்ணனை இருவரும் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. அவர் நீர் அறைப் பக்கம் நடந்தார். பனியக்கா பின்னாலேயே ஓடினாள். தொட்டிக்குள் ஊதாவும் மஞ்சளுமாகப் பவளங்கள் தண்ணீரோடு ஆடிக்கொண்டிருந்தன. நடுவில் சின்ன மீன்கள். அவர் கண்ணாடியில் ஒருமுறை கை வைத்தார். பிறகு சுவரிலிருந்த பெரிய சுவிட்சைக் கீழே இழுத்தார். மோட்டார் சத்தம் நின்றது. பவளங்கள் அசைவதை நிறுத்தின.

"போய்ச் சொல்லு அவன்கிட்ட, கரண்டு இருக்குன்னு" என்றார். அவள் நகரவில்லை. "போ தாயி. நான் இவங்களோட கொஞ்ச நேரம் இருக்கேன்."

இரண்டாவது கம்ப்ரசர் ஓடியது. பனி அறை பதினெட்டில் நின்றது. ஆட்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்தார்கள். மூன்று மணிக்குக் குழந்தை வீறிட்டு அழுதது. அறை முழுக்கக் கைதட்டியது. டிக்கெட்காரர் படுத்தபடியே, "இத்தனை பேரு, ஒரு டிக்கெட்கூட வித்திருக்க மாட்டீங்களே" என்றார். மின்சாரம் மறுநாள் மாலைதான் திரும்பி வந்தது. டீசல் தீரப்போன நேரத்தில் அந்தப் போலீஸ்காரர் எங்கிருந்தோ நான்கு கேன் கொண்டுவந்து இறக்கினார். உள்ளே போன அறுபத்து நான்கு பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

அவர்கள் போன பிறகு பனியக்கா உள்ளே போய்ப் பார்த்தாள். பாத்திகள் சேறாகியிருந்தன. மெத்தைச் செடி இரண்டாகப் பிளந்து, ஒரு குதிகால் தடம் அதன்மேல் பதிந்திருந்தது. பஞ்சுப்புல் வெந்த கீரைபோலக் கிடந்தது. அவள் எதையும் தொடவில்லை. நீர் அறையிலிருந்து அழுகல் நாற்றம் வந்துகொண்டிருந்தது. கடல் அண்ணன் வலையால் மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். பவளங்கள் எல்லாம் எலும்பு நிறத்தில் இருந்தன.

ஆனால் அவளை உண்மையில் அடித்துப் போட்ட செய்தி அதற்கு மறுநாள் வந்தது. சாலைக்கு எதிர்ப்பக்கச் சந்தில், கடைகளுக்கு மேலே தகரம் வேய்ந்த மாடியில், கடிகாரம் பழுதுபார்ப்பவரும் அவருடைய அக்காவும் இறந்துகிடந்தார்கள். இரண்டு பேருக்கும் எழுபதுக்கு மேல். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. போன மாதம்தான் அவளுடைய கைக்கடிகாரத்துக்குப் புது செல் போட்டுக் கொடுத்திருந்தார் அவர்.

"எண்பது அடி" என்றாள் கணவரிடம். அவர் சாப்பாட்டுத் தட்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். "நான் நின்னு கத்தின இடத்துல இருந்து எண்பது அடிங்க. சாலையைத் தாண்டல நான்."

"உனக்கு எப்படிம்மா தெரியும், அங்க ஆள் இருக்குன்னு?"

"தெரியும். அதுதான். எனக்குத் தெரியும்."

அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை.

இரண்டு வாரம் கழித்து நிர்வாகக் குழு விசாரணை வைத்தது. நீண்ட மேஜை, ஐந்து பேர். அனுமதி இல்லாமல் அறையைத் திறந்தது யார், மீண்டும் சேகரிக்கவே முடியாத செடிகளும் பவளமும் அழிந்ததற்குப் பொறுப்பு யார் என்று கேட்டார்கள். பனியக்கா எழுந்து, "நான்தாங்க" என்றாள். கடல் அண்ணன், "சுவிட்சை இழுத்தது நான்" என்றார். தலைவர் டைரக்டர் அம்மா பக்கம் திரும்பினார். "நீங்க அனுமதி கொடுத்தீங்களா?"

ஆமாம் என்று சொல்லிக் காப்பாற்றிவிடுவார் என்றே பனியக்கா நினைத்திருந்தாள். டைரக்டர் அம்மா, "இல்ல. வேற யாரையும் உள்ள விடக்கூடாதுன்னு சொன்னேன்" என்றார்.

பனியக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் சொன்னது தப்பு" என்று டைரக்டர் அம்மா தொடர்ந்தார். "கார்ல ஏ.சி. போட்டு உக்காந்துட்டு அப்படிச் சொன்னேன். இவங்க அதைக் கேக்காம இருந்ததால அறுபத்து நாலு பேரு உயிரோட இருக்காங்க. நடவடிக்கை எடுக்கணும்னா என்மேல எடுங்க."

யார்மேலும் எடுக்கவில்லை. அறுபத்து நான்கு பேரில் ஒருவருக்கு விசாரணைக் குழுவில் இருந்த ஒருவர் சித்தப்பா முறை என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று டிக்கெட்காரர் பிற்பாடு சொன்னார்.

பனி அறையைத் திரும்ப உண்டாக்கவில்லை. அந்தச் செடிகள் வந்த இடத்திலேயே இப்போது குறைந்துவிட்டன, இனிமேல் கொடுப்பதற்கில்லை என்று தூரதேசத்துத் தோட்டத்திலிருந்து பதில் வந்தது. பாத்திகளை எடுத்துவிட்டு நீளமான பெஞ்சுகள் போட்டார்கள். கோடையில் ஊரார் வந்து உட்காரும் அறையாக அறிவித்தார்கள். பொறுப்பு அவளுக்கே. வெறுமையாக இருந்த தொட்டியில் கடல் அண்ணன் எங்கிருந்தோ வாங்கிவந்த நான்கு பவளத்துண்டுகளை வைத்தார். ஒன்று பிழைத்தது.

அடுத்த வருஷம் வெயில் பதினெட்டு நாள் முன்னதாகவே வந்தது. அது வருவதற்கு முன்பே பனியக்கா எதிர்ச்சந்தில் ஏறி இறங்கத் தொடங்கியிருந்தாள். ஒவ்வொரு மாடியாக, ஒவ்வொரு கதவாக. யார் தனியாக இருக்கிறார்கள், யாருக்கு நடக்க முடியாது, யாருக்குக் காது கேட்காது. எல்லாம் ஒரு நோட்டில். பலர் விற்பனைக்காரி என்று நினைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

மூன்றாம் மாடியில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை, கதவைச் சங்கிலியோடு நான்கு விரல் மட்டும் திறந்தார்.

"என்ன விக்கறே?"

"ஒண்ணும் விக்கலம்மா. எதிர்ல இருக்கற கூடத்துல வேலை பாக்குறேன். வெயில் ஏறிச்சுன்னா அங்க வந்து உக்காரலாம். உங்களால படி இறங்க முடியுமா?"

"எனக்கு வெயிலெல்லாம் பழக்கம். எழுபத்தாறு வருஷமா பாக்குறேன்."

"இந்த வெயிலை நீங்க பாத்ததில்லம்மா. நான் பாத்தேன்."

ஆசிரியை அவளை மேலும் கீழும் பார்த்தார். "முடியாதுன்னு சொன்னா என்ன பண்ணுவே? தூக்கிட்டுப் போவியா?"

"ஆமாம்மா. மெக்கானிக்கையும் கூட்டிட்டு வருவேன். மூணு மாடிதானே."

சங்கிலி விழுந்தது. "உள்ள வா. மூச்சு வாங்குது உனக்கு, முதல்ல தண்ணி குடி" என்று அவர் கதவைத் திறந்துவிட்டார்.